மகனுக்கு நேர்ந்த சிலை

திங்ஜோ நகர்
ஆடு ஆண்டு, ஏழாம் மாதம்

அன்புத் தங்கை லான்ஜிக்கு அக்கா சூயி எழுதுவது.

நாங்கள் எல்லாரும் சுகம். உன் அத்தானுக்கு மட்டும் இருமல் விடவில்லை. தானியக் கிடங்குத் தூசியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்கு இருமல் வராமல் வேறென்ன வரும். பையன்கள் இரண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் அடித்துக்கொண்டு ஆரோக்கியமாக இருக்கிறார்கள். நீ எப்படி இருக்கிறாய்? வாந்தி நின்றதா? அந்த வடக்கத்திச் சாப்பாடு தொண்டையில் இறங்குகிறதா?

நீ முழுகாமல் இருக்கிறாய் என்ற செய்தி வந்ததிலிருந்து அம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. தெருவில் போகிற தண்ணீர்க் கழுதைக்காரனை நிறுத்தி, "என் சின்னவ மாமன்னர் புள்ளையச் சுமக்குறா, தெரியுமா?" என்கிறாள். மாமன்னருக்கு இதுவரை ஆண் பிள்ளை இல்லை என்பது கழுதைக்கும் தெரியும் இங்கே. அதனால் கேட்கிறவர்களும் வாயைப் பிளக்கிறார்கள்.

அதோடு விட்டாளா? மலைக்குகைப் புத்தர் சன்னிதிக்குப் போய், உனக்கு ஆண் பிறந்தால் ஓர் ஆள் உயரத்துக்குக் கல்லில் சிலை வெட்டி வைப்பதாக நேர்ந்துகொண்டு வந்துவிட்டாள். ஆள் உயரம் எதற்கு, சின்னதாகச் சொல்லியிருக்கலாமே என்றேன். "பேரன் அரியணையில உக்காரப் போறான், நான் ரெண்டு விளக்க ஏத்தி சாமிய ஏமாத்தவா?" என்று என் மேல் பாய்ந்தாள்.

அவள் தைத்த புலிமுகச் செருப்பு ஒரு ஜோடி இதோடு வருகிறது, பேரனுக்கு. மீசையைப் பார், எலிக்கு வைத்த மாதிரி இருக்கிறது. உலர்ந்த இலந்தையும் வைத்திருக்கிறேன், அது உனக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள். எல்லாருடைய ஆசியும் உனக்கு.

உன் அக்கா
சூயி


பிங்செங், உள் அரண்மனை
ஆடு ஆண்டு, ஒன்பதாம் மாதம்

அன்புள்ள அக்காவுக்கு லான்ஜி எழுதுவது.

நான் நலம். வாந்தி நின்றது. அத்தானை இருமலுக்குப் பேரிக்காயை வேகவைத்துத் தின்னச் சொல். இலந்தை ஒரே நாளில் தீர்ந்தது.

அக்கா, அம்மாவிடம் சொல்லி அந்த வேண்டுதலைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. இந்த ராஜ்யத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாமன்னரின் மகன்களில் ஒருவனைப் பட்டத்து இளவரசனாக அறிவிக்கும்போது, அவனைப் பெற்றவளுக்கு ஒரு துண்டு வெண்பட்டு அனுப்புவார்கள். அதைக் கழுத்தில் போட்டு என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கை நடுங்கினால் கூட இருப்பவர்கள் உதவுவார்கள். நாளைக்கு மகன் ஆளும்போது தாயும் தாய்வீட்டாரும் பின்னால் நின்று ஆட்டிவைக்கக் கூடாது என்று முன்னோர் செய்துவைத்த ஏற்பாடு. போன பிறகு பெரிய பட்டம் கொடுத்துப் பெரிய கல்லறையும் கட்டுகிறார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆண் குழந்தை பிறந்த அன்றே செவிலி மாளிகைக்குப் போய்விடும். பெற்றவள் அறிவிப்பு வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும்.

ஆகவே இங்கே பெண்கள் பெண் பிள்ளை கேட்டுத்தான் கும்பிடுவார்கள். அது குற்றமில்லை, எல்லாரும் செய்வதுதான். மாமன்னருக்கு இத்தனை நாளாக ஏன் மகன் இல்லை என்று இப்போது உனக்கே புரியும். அம்மா அனுப்பிய செருப்பைப் பிரித்ததும் என் வேலைக்காரப் பெண் அழுதுவிட்டாள்.

என்னோடு ஒரே முற்றத்தில் தூயா என்று ஒருத்தி இருக்கிறாள், அவளும் மாமன்னரின் துணைவி. புல்வெளிக்காரி, குதிரை முதுகிலேயே வளர்ந்தவள். அவளும் முழுகாமல் இருக்கிறாள், எனக்கும் அவளுக்கும் ஒரே கணக்கு. செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்கம்மாவுக்கு உன் மேல அப்படி என்னடி கோவம்?" என்றாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது இருவருக்கும்.

உள் அரண்மனைக் கடிதங்களை அந்தப்புர அதிகாரி பெரியவர் குவோ படித்த பிறகுதான் அனுப்புவார், வருவதையும் அப்படியே. பட்டைத் தட்டில் எடுத்துப் போகிறவரும் அவரே. ஐயா, இந்த வரிக்கு வந்துவிட்டீர்களானால் என் வணக்கம்.

எல்லாரும் சுகமாக இருங்கள்.

லான்ஜி


திங்ஜோ
ஆடு ஆண்டு, பத்தாம் மாதம்

என் தங்கை லான்ஜிக்கு.

சுகமா என்று எப்படிக் கேட்பது? இருந்தாலும் கேட்கிறேன். சுகமாக இரு.

உன் கடிதத்தை அத்தானிடம் காட்டினேன். "ஆமா, அப்படித்தான்" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. உன்னைத் தேர்ந்தெடுத்து வண்டியில் ஏற்றியபோதே தெரிந்திருக்கிறது. சொன்னா மட்டும் நிறுத்தியிருக்க முடியுமா என்று கேட்கிறார். முடியாதுதான். ஆனாலும் அவருக்குக் கஞ்சி ஊற்ற எனக்குக் கை வரவில்லை. கொஞ்ச நாள் அவரே ஊற்றிக்கொண்டார்.

அம்மா நம்பவேயில்லை. "எந்த ஊர்ல பெத்தவளக் கொன்னுட்டுப் புள்ளைக்கு முடி சூட்டுவாங்க? அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே கதை கட்டுற புத்தி. பொறந்த வீட்டு ஆளுங்க வந்து ஒட்டிக்கக் கூடாதுன்னு சொல்றா" என்று ஒரே பிடியாக நிற்கிறாள். நீ சின்ன வயதில் கதை கட்டினது உண்மைதானே, அதனால் என்னாலும் வாதாட முடியவில்லை.

நானே சன்னிதிக்குப் போய்ப் பிக்குவைப் பார்த்தேன். நேர்ந்ததைத் திரும்ப வாங்க வழி உண்டா என்று கேட்டேன். அவர் இலந்தைக் கொட்டையைத் துப்பிவிட்டு, "சாமிகிட்ட குடுத்த வாக்க வாபஸ் வாங்குற கடை எங்கிட்ட இல்லம்மா. ஆண் பொறந்தா சிலை வெக்கணும், பொறக்கலன்னா வெக்க வேணாம். இதுல என்ன குழப்பம்?" என்றார்.

சரி என்று நானும் ஒன்று நேர்ந்துகொண்டேன். உனக்குப் பெண் பிறந்தால் சன்னிதி வாசல் முழுக்க விளக்கு ஏற்றுகிறேன். இப்போது ஒரே சாமி முன்னால் அம்மா ஒன்று கேட்கிறாள், நான் அதற்கு நேர் எதிராகக் கேட்கிறேன். அவர் யார் பேச்சைக் கேட்பாரோ தெரியவில்லை. அம்மா குரல் பெரிது.

பெரியவர் குவோ அவர்களுக்கும் வணக்கம். தங்களுக்குத் தங்கை இருந்தால் நான் எழுதுவது புரியும்.

தைரியமாக இரு.

சூயி


பிங்செங்
ஆடு ஆண்டு, பன்னிரண்டாம் மாதம்

அன்புள்ள அக்காவுக்கு.

நலம். அத்தானுக்குக் கஞ்சி ஊற்று, பாவம். பையன்களுக்கு என் அன்பு.

குளிர் எலும்பில் இறங்குகிறது. வயிறு பெரிதாகிவிட்டது. வாசல்படி தாண்டும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறேன் என்று இங்கே எல்லாரும் பார்க்கிறார்கள். இடது என்றால் ஆணாம். நான் எங்கே போனாலும் வலது காலையே முதலில் வைக்கிறேன். அதற்காக ஒவ்வொரு படியின் முன்னாலும் நின்று கால் மாற்றிக்கொள்வதில் என் நடை நொண்டி வாத்து நடை ஆகிவிட்டது.

தூயாவின் ஆட்கள் ஆட்டின் தோள்பட்டை எலும்பை நெருப்பில் போட்டு, வெடிப்பைப் பார்த்துக் குறி சொல்வார்கள். குறிகாரி வந்தாள். தூயா இறைச்சியைத் தின்றுவிட்டு எலும்பை நாய்க்கு எறிந்தாள். "எனக்குத் தெரியறப்போ தெரியட்டும். நாய் இன்னிக்கே பசியா இருக்கு" என்றாள்.

அவளுடைய பெட்டைக்குதிரை வெளிக்கொட்டிலில் நிற்கிறது. பிள்ளை பிறந்ததும் எனக்கு ஏறக் கற்றுத்தருவாளாம். குதிரை என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறது, எனக்குப் பார்த்தாலே தொடை நடுங்குகிறது. புத்தகம் படிக்கிற வீட்டில் பிறந்த கோழி என்று என்னைச் சொல்கிறாள்.

உன்னிடம் மறைக்க வேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. எனக்கு இன்னும் இருபது வயதாகவில்லை, சாக விருப்பமில்லை. ஒரே முற்றத்தில் இரண்டு பேர் இருக்கிறோம், முதல் ஆண் யாருக்குப் பிறக்கிறதோ அவள் போவாள், மற்றவள் இருப்பாள். அவளுக்கு ஆண் பிறக்கட்டும் என்று ஒரு நாள் மனதுக்குள் நினைத்துவிட்டேன். அன்று முழுக்க அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடைசியில் அவளிடமே சொல்லிவிட்டேன்.

"நான் அத தெனமும் நெனைக்கிறேன். இதுக்குத்தான் காலையிலேர்ந்து மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தியா?" என்று சொல்லி, புளித்த பாலை என் கிண்ணத்தில் ஊற்றினாள். எனக்கு அந்தப் பால் பிடிக்காது. குடித்தேன்.

நீ நேர்ந்ததற்கு நன்றி. கொஞ்சம் குரலை உயர்த்தி வேண்டிக்கொள்.

லான்ஜி


பிங்செங்
குரங்கு ஆண்டு, இரண்டாம் மாதம்

அக்காவுக்கு.

நான் நலம். பெண் பிறந்திருக்கிறாள். அவளும் நலம்.

தூயாவுக்கு ஆண் பிறந்தது. மாமன்னரின் முதல் மகன். அதே காலையில்தான். பனி மூடி அரண்மனை மருத்துவச்சியின் வண்டி வெளிவாசலிலேயே சிக்கிக்கொண்டது. தூயாவோடு ஊரிலிருந்து வந்த கிழத்தாதி ஒருத்திதான் எங்கள் இருவருக்கும் பார்த்தாள். தூயாவுக்கு இரத்தம் நிற்கவில்லை. உச்சிவேளைக்கு முன்னால் போய்விட்டாள். கடைசிவரைக்கும் தெளிவாகப் பேசினாள். குழந்தைகள் இரண்டையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் போட்டுப் பார்த்தாள்.

மகனைச் செவிலி மாளிகைக்கு அன்றே எடுத்துப் போனார்கள். அவன் மேல் போர்த்த என் போர்வையைக் கொடுத்தேன், புதிது ஒன்றும் கைக்கு எட்டவில்லை.

என் மகளுக்குக் குரல் பெரிது. மார்பைப் பிடித்தால் விடுவதில்லை.

ஒன்றே ஒன்று. அம்மா நேர்ந்த சிலையை வைத்துவிடுங்கள். குறை வைக்காமல். விளக்குகள் வேண்டாம்.

அதிகம் எழுத முடியவில்லை. எல்லாரும் சுகமாக இருங்கள்.

லான்ஜி


திங்ஜோ
குரங்கு ஆண்டு, மூன்றாம் மாதம்

என் கண்ணான தங்கைக்கு.

பெண்ணா! அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். கடிதம் ஈரமாகி எழுத்து பரவிவிட்டது. தூயாவை நினைத்தும் அழுதேன், பார்க்காத பெண்ணுக்காக இப்படி அழுகை வரும் என்று எனக்குத் தெரியாது. உனக்கு உடம்பு தேறியதா? இஞ்சியும் ஆட்டு எலும்பும் போட்டுக் கஞ்சி குடி.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் நேரே சன்னிதிக்குப் போய் வாசல் முழுக்க விளக்கு ஏற்றிவிட்டேன். காற்றில் பாதி அணைந்தது, மறுபடி ஏற்றினேன்.

பிரசவ அசதியில் நீ மாற்றி எழுதிவிட்டாய் என்று நினைக்கிறேன். ஆண் என்றால் சிலை, பெண் என்றால் விளக்கு. உனக்குப் பிறந்தது பெண், பிறகு எதற்குச் சிலை? அதுவும் விளக்கு வேண்டாம் என்கிறாய். பிக்குவிடம் கேட்டதற்கு அவரும் தலையைச் சொறிகிறார். தெளிவாக எழுது, உன் பேச்சு எனக்கு ஒன்றும் புரியவில்லை.

குட்டிக்கு என் முத்தம்.

சூயி


திங்ஜோ
குரங்கு ஆண்டு, ஆறாம் மாதம்

தங்கை லான்ஜிக்கு.

சுகம்தானே? இங்கே சுகம்.

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால் குதிரைக்காரன் வரும்போதெல்லாம் வாசலில் நிற்கிறேன். அவன் இப்போது என்னைப் பார்த்ததும் தெருவின் அந்தப் பக்கமாகப் போகிறான்.

சின்னவனின் பழைய துணிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். கையில் இருந்தது ஆண் குழந்தைத் துணி. என்னவோ தோன்றி, உன் இரண்டாம் மாதக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அதைப் பற்றி மேலே எழுதவில்லை.

போன கடிதத்தில் நான் கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டாம். உயிரோடு இருக்கிறாய் என்று ஒரு வரி வந்தால் போதும்.

பெரியவர் குவோ அவர்களுக்கு: நான் ஓர் அசடு ஐயா. எதையாவது உளறுவேன், ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் கடிதத்தில் இருப்பது எதையும் பொருட்படுத்த வேண்டாம்.

சூயி


பிங்செங்
குரங்கு ஆண்டு, எட்டாம் மாதம்

அன்புள்ள அக்காவுக்கு.

இருக்கிறேன். நாங்கள் இருவரும் சுகம்.

உன் மூன்றாம் மாதக் கடிதத்தைப் பெரியவர் குவோ ஆறாம் மாதம்தான், தானே எடுத்துக்கொண்டு வந்தார். முற்றத்தில் பாயை விரித்து மகளைக் கிடத்தியிருந்தேன். அவர் எதிரே அமர்ந்து, ஆரம்பம் முதல் கடைசிவரை உரக்கப் படித்தார். இஞ்சிக் கஞ்சியையும் விடவில்லை. படித்து முடித்து மடித்துவைத்துக்கொண்டு, "ஆணுக்குன்னு நேந்தத எதுக்கு வெக்கச் சொன்னீங்க?" என்றார்.

மகளின் துணியை இழுத்துச் சரிசெய்தேன். பிறகு, "எங்கம்மா ஆண் புள்ள கேட்டா. மாமன்னர் வீட்டுக்கு ஆண் புள்ள வந்துருச்சு. யார் பெத்தா என்னங்க ஐயா, சாமி குடுத்தாச்சுல்ல?" என்றேன்.

மகள் உருண்டு போய் அவருடைய இடுப்புக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தால் விடமாட்டாள் என்று எழுதியிருந்தேனே. அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தார். அவள் பிடித்த பிடி, கன்ன எலும்பு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிற விதம், எல்லாவற்றையும் பார்த்தார். நான் அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கைகள்தானே தட்டைப் பிடிப்பவை.

விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டு எழுந்தார். "உங்க அக்கா நெறைய கேள்வி கேக்குறாங்க. ஊர்ல வேலவெட்டி இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு எனக்குக் கடிதம் எழுத அனுமதி வரவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வேன், அதனால் என்ன ஆகிவிடப் போகிறது என்று தெரியாமலே. தூயாவின் கிழத்தாதியைக் கூப்பிட்டனுப்பினார். அவள் திரும்பி வரவில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவளை வண்டி ஏற்றி அவளுடைய புல்வெளிக்கே அனுப்பிவைத்திருக்கிறார். வழிக்குக் குளிருமென்று ஆட்டுத்தோல் போர்வையும் கொடுத்தாராம்.

இன்று காலை உன் ஆறாம் மாதக் கடிதத்தைக் கொடுத்து, எழுதலாம் என்றார். நீ அசடு என்று எழுதிய இடத்தில் மட்டும் அவர் விரல் மை பட்டிருக்கிறது.

லான்ஜி


திங்ஜோ
குரங்கு ஆண்டு, பத்தாம் மாதம்

அன்புத் தங்கைக்கு.

நாங்கள் சுகம். நீங்களும் சுகம் என்று படித்தேன், போதும்.

சிலை வைத்தாயிற்று. ஆள் உயரம், குறைவில்லை. என் பட்டுத்தறியை விற்றேன். "பொட்டப் புள்ள பொறந்ததுக்கு ஊர்ல எவளாவது சிலை வெப்பாளா?" என்று அம்மா சிற்பியின் முன்னாலேயே சண்டை போட்டாள். மாமன்னர் வீட்டுக்கு மகன் பிறந்ததற்காக என்று நீ சொன்னதையே நானும் சொன்னேன். "அந்தப் புல்வெளிக்காரி புள்ளைக்கு நாம ஏன் செலவு பண்ணணும்? செத்தும் குடுத்து வெச்ச மகராசி அவ" என்று முணுமுணுத்தாள். அவள் வாயைப் பொத்த எனக்குக் கை துடித்தது. பொத்தவில்லை.

பீடத்தில் யார் பெயரை வெட்டுவது என்று சிற்பி கேட்டான். எந்தப் பெயரைச் சொல்வேன்? "பெற்ற தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும்" என்று வெட்டச் சொன்னேன். இப்படிப் பொதுவாக வெட்டினால் புண்ணியம் யாருக்குச் சேரும் என்று தெரியாமல் போய்விடும் என்றான். அது சாமிக்குத் தெரியும் என்றேன்.

சூயி


பிங்செங்
சேவல் ஆண்டு, நான்காம் மாதம்

அன்புள்ள அக்காவுக்கு.

நாங்கள் இருவரும் சுகம்.

எனக்குக் குதிரை ஏறுகிற மாதிரி கால்சட்டை இரண்டு தைத்து அனுப்பு. சிரிக்காதே. தூயாவின் குதிரை சும்மா நிற்கிறது. முதல் நாள் கீழே விழுந்தேன், அடுத்த நாளும் விழுந்தேன். இப்போது கொட்டிலைச் சுற்றி வருகிறேன், மகளை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு. எனக்குத்தான் தொடை நடுங்குகிறது. அவள் வேகமாகப் போகச் சொல்லிப் பிடரிமயிரைப் பிடித்து இழுக்கிறாள்.

செவிலி மாளிகைக்கு மாதம் ஒரு தரம் துணைவியர் எல்லாரும் போய்க் குழந்தையை வணங்கி வர வேண்டும். கொழுகொழுவென்று இருக்கிறான். முறை வந்தபோது நான் அருகில் போனேன். வீறிட்டு அழுது செவிலியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். புதுமுகம் பார்த்தால் குழந்தைகள் அழத்தானே செய்யும். உன் பெரியவன்கூட என்னைப் பார்த்து அழுதிருக்கிறான்.

கால்சட்டை கறுப்பில் வேண்டாம்.

லான்ஜி


திங்ஜோ
நாய் ஆண்டு, ஐந்தாம் மாதம்

அன்புத் தங்கைக்கு.

சுகம். அத்தானின் இருமல் பேரிக்காயில் குறைந்திருக்கிறது.

சிறுவனைப் பட்டத்து இளவரசனாக அடுத்த மாதம் அறிவிக்கப் போகிறார்கள் என்று சந்தையில் பறையறைந்து சொன்னார்கள். அம்மாவும் நானும் முள்ளங்கி வாங்கிக்கொண்டிருந்தோம். அறிவிப்பவன் படித்தான்: இளவரசரின் தாயார் பிரசவத்திலேயே மறைந்துவிட்டதால், முன்னோர் வழக்கப்படி வெண்பட்டு அனுப்பும் அவசியம் எழவில்லை. அவருக்குப் பேரரசி என்ற பட்டம் வழங்கப்படுகிறது.

அம்மா முள்ளங்கியைக் கீழே வைத்தாள். அவனிடம் போய், "பட்டுன்னா என்னப்பா?" என்று கேட்டாள். அவன் தன் கழுத்தைச் சுற்றிக் கையால் காட்டினான்.

முள்ளங்கியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். வந்ததும் தரையில் உட்கார்ந்து, "அப்போ அவ சொன்னது கதை இல்லையா? சாமி முன்னால நின்னு நான் கேட்டது அவ சாவையா?" என்றாள். தலையை மட்டும் ஆட்டினேன். மறுநாள் தானே மலையேறிப் போய்த் தூயா பெயருக்கு ஒரு விளக்கு ஏற்றிவிட்டு வந்தாள். மற்றதை நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

அந்த நாளில் நீ எப்படி நிற்கப் போகிறாய்? அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சூயி


பிங்செங்
நாய் ஆண்டு, ஏழாம் மாதம்

என் அக்காவுக்கு.

இந்தக் கடிதத்தைப் பெரியவர் குவோவே கொண்டுவருவார். பணியிலிருந்து விடுபட்டுத் தெற்கே தன் ஊருக்குப் போகிறார், வழியில் திங்ஜோ. "எனக்குக் கண்ணு போச்சும்மா, இனிமே படிக்க முடியாது" என்றார். வாசலில் கிடந்த ஊசியை அதற்கு முன்புதான் அவர் எடுத்துக் கொடுத்தார். அவருக்கு நல்ல சாப்பாடாகப் போடு.

அதனால் இந்த ஒரு முறை எல்லாவற்றையும் எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போடு.

அன்று எனக்குத்தான் மகன் பிறந்தான். தூயாவுக்கு மகள். தாதி என் பக்கம் திரும்பி மகன் என்றதும், நான் என் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தேன். தூயாவின் பாயெல்லாம் இரத்தம். அவள்தான் கூப்பிட்டாள்.

"ஏ கோழி, இங்க பாரு. நான் எப்படியும் போறேன். ஒரு சாவுலயே ரெண்டு பேர் கணக்கும் முடியட்டும். உன் பையன எம் பக்கத்துல போடு. எம் பொண்ண நீ தூக்கிக்கோ. அவளுக்குக் குதிர ஏறக் கத்துக் குடு. உனக்கே வராது, நீயும் கத்துக்கோ."

நான் முடியாது என்று சொல்லவில்லை அக்கா. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பிள்ளையை எடுத்துக் கொடுத்தேன். மகன் எனக்கு எப்படியும் இல்லை, அன்றே கொண்டுபோய்விடுவார்கள் என்று இப்போது சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அப்போது அதெல்லாம் நினைக்கவில்லை. பிழைத்துக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். அவள் கண் மூடுவதற்கு முன்னால் அவளிடம் நன்றி என்ற சொல்லைக்கூடச் சொல்லவில்லை. என் போர்வையை அவன் மேல் போர்த்தினேன், அது ஒன்றுதான் நான் அவனுக்குச் செய்தது.

அறிவிப்பு விழாவுக்கு முன்னால் குவோ வந்தார். கையில் தட்டு. தட்டில் மடித்த வெண்பட்டு. மகளை உள்ளே போகச் சொன்னேன், அவள் போகவில்லை.

அவர் தட்டைப் பாயில் வைத்தார். "நீங்க ரெண்டு பேரும் முழுகாம இருக்கீங்கன்னு தெரிஞ்ச அன்னிக்கே ரெண்டு துண்டு எடுத்து வெச்சிட்டேன். ஒண்ணு அந்தம்மா சவப்பெட்டியோட போயிருச்சு. இது உங்களுது. எனக்கு அப்புறம் வர்றவன் கையில இத விட்டுட்டுப் போக மனசில்ல."

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"நல்ல பட்டு. தைக்கலாம்" என்றார்.

விழாவுக்குத் துணைவியர் எல்லாரும் இளவரசனுக்கு ஆளுக்கோர் உடுப்பு தைத்துத் தருவது வழக்கம். பட்டை மஞ்சிட்டி வேரில் தோய்த்துச் சிவப்பாக்கி மேல்சட்டை தைத்தேன். செவிலி மாளிகையில் அளவு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே காலையில் பிறந்தவர்கள். மகளுக்குப் போட்டுப் பார்த்துத்தான் தைத்தேன். கழுத்தை மட்டும் கொஞ்சம் தளர்வாக விட்டேன். அவள் சட்டையைக் கழற்றித் தரமாட்டேன் என்று ஓடினாள், தேன் இலந்தை கொடுத்துத்தான் வாங்க முடிந்தது.

விழாவன்று எல்லாரும் நெற்றி தரையில் பட விழுந்து கிடந்தோம், செவிலி அவனை நடத்திக்கொண்டு எங்கள் வரிசையைக் கடந்தாள். தலையைத் தூக்கக் கூடாது. தரையோடு தரையாக அவன் காலை மட்டும் பார்த்தேன். என் பக்கத்தில் இருந்த இவளுக்கு அந்த விதியெல்லாம் ஏது? நன்றாகத் தலையைத் தூக்கிப் பார்த்து, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "அம்மா, அது என் சட்டை!" என்றாள்.

அந்தக் கால்கள் நின்றன. திரும்பி எங்கள் பக்கமாக ஓரடி வந்தன. நான் அவள் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன், என் தலையை இன்னும் கீழே வைத்துக்கொண்டேன். செவிலி ஏதோ மெதுவாகச் சொன்னாள். கால்கள் போய்விட்டன.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே. விளக்கு ஏற்றியதற்கு மட்டும் நான் கும்பிட்டதாகச் சொல். அத்தான் பேரிக்காயை விட வேண்டாம்.

கவலைப்படாதே அக்கா. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம்.

லான்ஜி